வரி பிளேட்டுக்குள்ள இருக்கு: பட்டறைக்குக் கார்பன் கணக்கு போடுவது எப்படி

முதல் வேலையாக இன்வாய்ஸ் ஃபைலை எடுத்து எச்.எஸ்.என். நம்பரை, அதாவது சரக்கு எந்த வகை என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். திருச்சி பக்கத்தில் துவாக்குடியில், இரும்பு பிளேட்டை வெட்டி வெல்டு செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். கார்பன் வரி, அதாவது புகைக்கு வரி என்ற பேச்சு வந்தாலே ஃபோர்மேன் அண்ணன், "நம்மள்ல எத்தனை பேருக்கு வேலை போகும்மா?" என்பார். டிவி விவாதத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. ஃபைலில் கிடைக்கும்.

இந்தியாவில் அந்தப் பெயரில் வரி எதுவும் இல்லை. நிலக்கரிக்கு 2010ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று ஒரு செஸ் போட்டார்கள், 2016ல் அது 400 ஆனது. 2025ல் அதை எடுத்துவிட்டு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாக்கிவிட்டார்கள். நம் தலையில் நேராக விழுவது, ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில், இறங்கும் சரக்கைச் செய்யும்போது வந்த புகைக்குப் போடும் 'சிபாம்'. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள்; 2026 ஜனவரி முதல் இறங்கும் சரக்குக்குக் காசு. கட்டுவது அங்கே வாங்குகிறவர்தான், ஆனால் அதை நம் விலையில்தான் குறைக்கச் சொல்வார்.

7308 ஸ்ட்ரக்சர், 7318 போல்ட்-நட்டு என்றால் மாட்டிக்கொண்டீர்கள். 84ல் தொடங்கும் பாய்லர் பாகங்கள் முதலில் வந்த பட்டியலில் இல்லை. கும்பகோணம் பித்தளைப் பாத்திரக்காரருக்கும் தஞ்சாவூர் ரைஸ் மில்காரருக்கும் இந்தக் கவலையே வேண்டாம். வாங்குகிறவர் இந்த வகைச் சரக்கை வருஷத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்கினாலும் விலக்கு உண்டு.

இனி கணக்கு. பட்டறையின் சொந்தப் புகையை முதலில் முடித்துவிடலாம், அது சின்ன வேலை. ஜெனரேட்டர் டீசலில் லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாதம் 300 லிட்டர் ஓடி 40 டன் வேலை முடிந்தால், டன்னுக்கு 20 கிலோ. இதையும் இ.பி. பில்லையும் சிபாம் கணக்கில் சேர்க்காதீர்கள், இரும்புக்கு இப்போதைக்கு மின்சாரத்துக்கு ஆன புகையை எண்ணுவதில்லை.

பிளேட்டுக்கு வாருங்கள். தாதுவும் கோக்கும் போட்டு ஊது உலையில் வந்த பிளேட்டுக்கு டன்னுக்கு 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமாகக் கார்பன்) என்று வைப்போம். ஐரோப்பாவில் ஒரு டன் கார்பன் 75 யூரோ, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 18,750 ரூபாய். கிலோவுக்கு 18 ரூபாய் 75 காசு. இதை உங்கள் ஜாப் ஒர்க் ரேட்டுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் வாங்குகிற பட்டறையாக இருந்தால், ஃபிட்டர், வெல்டர், கிரைண்டிங், வாடகை, முதலாளி லாபம் எல்லாம் சேர்ந்த தொகையும் அந்த வரியும் கிட்டத்தட்ட ஒன்று! இந்தக் கணக்கைத்தான் ஃபோர்மேன் அண்ணனிடம் காட்டினேன்.

முழு வரி இன்றைக்கே வராது. இவ்வளவு புகை வரை காசில்லை என்று ஐரோப்பிய ஆலைகளுக்குத் தரும் இலவச ஒதுக்கீட்டை ஒட்டி நமக்கும் கழிவு உண்டு. அந்தப் பங்கு 2026ல் 97.5 சதவீதம், 2030ல் 51.5, 2034ல் பூஜ்யம். ஆனால் கழிவு, டன்னுக்கு இவ்வளவு புகை என்று அவர்கள் வைத்த அளவுகோல் வரைக்கும்தான். அதற்கு மேல் புகைவிட்ட இரும்புக்கு இப்போதே காசு.

ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கிய இரும்பு என்றால் கார்பன் பல மடங்கு குறையும். உடனே இண்டக்‌ஷன் ஃபர்னஸ் சரக்குக்கு ஓடாதீர்கள். நம் நாட்டில் அந்த உலைகள் பலவற்றில் நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்னும் போகிறது. "உள்ளே என்ன போட்டீங்க?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இல்லையென்றால் அவர்களே ஒரு இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்வார்கள், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

வேலை காக்கிற காகிதம் என்றால் என்னைப் பொறுத்தவரை மில் டெஸ்ட் சர்டிபிகேட்தான், இரும்பு ஆலை பிளேட்டோடு தரும் சோதனைச் சான்று. அதில் உள்ள ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த இரும்பு என்று சொல்லும் எண், கடைசித் துண்டு வரை கூடவே வர வேண்டும். பிளேட்டின் ஒரு மூலையில்தான் நம்பர் இருக்கும். கட்டிங்காரர் அந்த மூலையை முதலில் வெட்டிவிட்டால் மிச்சம் அனாதை. அதனால் டார்ச் பற்றவைக்கும் முன்பே எழுத்துப் பஞ்ச் உளியால் ஒவ்வொரு துண்டிலும் நம்பரை அடித்து, சுற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் இல்லாவிட்டால் கிரைண்டிங் தம்பி பளபளப்பாக்குகிற ஆர்வத்தில் நம்பரையும் தேய்த்துவிடுவான். ஆலையிடம் அந்த சர்டிபிகேட்டோடு கார்பன் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். சின்னப் பட்டறை தனியாகக் கேட்டால் பதில் வராது. டீலர் வழியாக, நாலு பட்டறை சேர்ந்து கேளுங்கள்.

இப்போது ஆள் கணக்கு. ஆர்டர் குறைந்தால் மஸ்டர் ரோலில், அதாவது பட்டறையின் சொந்த வருகைப் பதிவேட்டில் இருப்பவரை யாரும் முதலில் நிறுத்துவதில்லை. கான்ட்ராக்டர் மூலம் வரும் ஹெல்பர், கிலோ ரேட்டுக்கு வரும் வெல்டர் குழு, இவர்களுக்குத்தான் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று போன் போகும். பாய்லர் விதிப்படி நடக்கும் ஐ.பி.ஆர். டெஸ்ட் பாஸான வெல்டருக்கு வேறு இடத்திலும் வேலை உண்டு, இவர்களுக்கு அது சுலபமில்லை. ஆகவே ஏற்றுமதி ஆர்டரில் யார் எத்தனை நாள் வேலை செய்கிறார்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து.

ஏற்றுமதியே இல்லாதவர்களும் ஒரு கணக்கு போட வேண்டும். இந்தப் பக்கத்துப் பட்டறைகள் பலவும் பெல் பாய்லர் ஆலையை நம்பி வளர்ந்தவை, பாய்லர் என்றால் பெரும்பாலும் நிலக்கரி மின் நிலையம். கார்பனுக்கு எங்கே விலை ஏறினாலும் புது நிலக்கரி பாய்லர் போடுவது யோசனைக்குரியதாகிவிடும். அதில் வரி ரசீது எதுவும் வராது, ஆர்டர்தான் வராமல் போகும். ஆர்டர் புத்தகத்தில் 'எதற்குப் போகிறது' என்று ஒரு கட்டம் சேருங்கள்: நிலக்கரி, சர்க்கரை ஆலை, பாலம், ஷெட், ஏற்றுமதி. மார்ச் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் டன்னையும் ஆள் நாளையும் கூட்டுங்கள். நிலக்கரிக் கட்டம் பாதிக்கு மேல் போனால், வெல்டர்களை வேறு வேலைக்கான டெஸ்டுக்கு அனுப்பும் செலவை அடுத்த வருஷ பட்ஜெட்டிலேயே போட்டுவிடுங்கள்.