மடக்கினால் டேப்லெட், விரித்தால் லேப்டாப்: கல்லூரிக்கும் பயணத்துக்கும் பார்த்து வாங்குவது எப்படி?

தருமபுரியிலிருந்து பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ தினமும் பஸ்ஸில் போய்வரும் மாணவருக்கு 2-இன்-1 எனப்படும் மடக்கு லேப்டாப் நல்ல துணை. வகுப்பில் திரையிலேயே பேனாவால் எழுதலாம். வீட்டுக்கு வந்ததும் விரித்து வைத்து அசைன்மென்ட் அடிக்கலாம். ஆனால் அதே ப்ராசஸரும் ரேமும் உள்ள சாதாரண லேப்டாப்பைவிட இதற்கு விலை கூட. அந்தக் கூடுதல் பணம் டச் கண்ணாடிக்கும் கீலுக்கும் பேனாவுக்கும் போகிறது. அதனால் கடையில் முதலில் சோதிக்க வேண்டியதும் அவற்றைத்தான். கடைக்காரர் பேச்சை ப்ராசஸரில்தான் தொடங்குவார். அவர் பேசட்டும், நீங்கள் பேனாவைக் கேளுங்கள்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

கணக்குப் போட்டுப் படிப்பவர், சர்க்யூட் வரைபவர், உடற்கூறியல் படம் போடுபவர், பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப் மேலேயே குறிப்பு எழுதுபவர், இவர்களுக்குத் தேவை. கோடிங் மட்டும், டாலி மட்டும் என்றால் தேவையில்லை. சாலிட்வொர்க்ஸ் போன்ற கனமான மென்பொருள் ஓட்டும் மெக்கானிக்கல் மாணவருக்கு இது பொருந்தாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சாதாரண லேப்டாப்பே சரி. எப்போதாவது வரைய வேண்டியிருந்தால் யூஎஸ்பியில் செருகும் பென் டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும்.

இன்னொன்று. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

படி 2: எந்த உருவம்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, திரை 360 டிகிரி சுற்றி கீபோர்டின் முதுகில் போய்ப் படிவது. மற்றது, கீபோர்டைத் தனியே கழற்றுவது. திரையின் பின்னால் ஒரு முட்டுத் தகடு இருக்கும்.

14 அங்குல 360 வகை சுமார் ஒன்றரை கிலோ. கழற்றும் வகையில் டேப்லெட் மட்டும் 900 கிராம் அளவில் இருக்கும், கீபோர்டு சேர்ந்தால் ஒன்றேகால் கிலோ. எடையை மட்டும் பார்த்தால் கழற்றுவதே மேல். ஆனால் டவுன் பஸ் சீட்டில் மடியில் வைத்துத் தட்டிப் பாருங்கள்: முட்டுத் தகடு முழங்கால் தாண்டி நழுவும், துணி போன்ற கீபோர்டு துள்ளும். மேசையுள்ள இடத்திலேயே வேலை செய்பவருக்குத்தான் அது சௌகரியம். 360 வகை மடியில் உறுதியாக நிற்கும். மாறாக, ஒன்றரை கிலோவை ஒரு கையில் ஏந்திப் பத்து நிமிடத்துக்கு மேல் எழுத முடியாது, மேசையில் படுக்க வைத்துத்தான் எழுத வேண்டும். முதல் முறை வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை 13 அல்லது 14 அங்குல 360 வகை. 15.6 அங்குலத்தில் மடக்கு வகை வாங்குவது கல்லூரி பெஞ்சில் கோலப் பலகையை விரிப்பது போல.

கழற்றும் வகையில் இன்னொரு கண்ணி: மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோ போன்றவற்றில் கீபோர்டும் பேனாவும் பெரும்பாலும் தனி விலை. மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே மற்ற மாடல்களோடு ஒப்பிடுங்கள்.

படி 3: பேனாவைச் சோதிப்பது

இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனா உங்கள் விரல் செய்வதையே செய்யும். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை திரையில் பட்டால் அதையும் கோடாக எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது ஆக்டிவ் பேனா. அதிலும் எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. எம்பிபி, வேக்கம் ஏஇஎஸ், யூஎஸ்ஐ என்று வெவ்வேறு நெறிமுறைகள் உண்டு; திரை எதைப் புரிந்துகொள்கிறதோ அதே வகைப் பேனாதான் வேலை செய்யும். பெட்டிக்குள் பேனா இருக்கிறதா, இல்லையென்றால் எந்த நெறிமுறை என்பதை மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘டச் ஸ்கிரீன்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பேனாவையே ஏற்காத டச் திரைகளும் நிறைய விற்கின்றன.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பீஸில் விண்டோஸோடு வரும் பெயின்ட் ஆப்பைத் திறந்து இவற்றைச் செய்யுங்கள்:

ஸ்கேல் ஓரமாகப் பேனாவை வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு போடுங்கள். வேகமாகப் போட்டால் எந்தத் திரையிலும் நேராகத்தான் வரும்; மெதுவாகப் போட்டால்தான் அலை தெரியும். கோடு பாம்பு போல நெளிந்தால் அந்தத் திரையில் படம் வரைவது சிரமம்.

சின்ன எழுத்தில் ‘ஃ’ பத்து முறை எழுதுங்கள். முப்பது புள்ளியும் விழ வேண்டும். லேசான தொடுதலைச் சில பேனாக்கள் பிடிக்காது. ஆங்கிலத்தில் ஐ, ஜே இரண்டுக்கு மட்டும் புள்ளி. தமிழில் வரிக்குப் பத்துப் புள்ளி. க், ச், த் எல்லாம் க, ச, த ஆகிவிட்டால் பரீட்சைக்கு முன் உங்கள் நோட்ஸ் உங்களுக்கே புரியாது. அடுத்து ‘ஞ’, ‘ணை’ எழுதிச் சுழி உடைகிறதா பாருங்கள்.

உள்ளங்கையை முழுதாகத் திரையில் ஊன்றி ஒரு பத்தி எழுதுங்கள். நடுவில் பக்கம் நகர்ந்தாலோ, கையடியில் கோடு விழுந்தாலோ வேண்டாம்.

பேனா எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். காந்தத்தில் பக்கவாட்டில் ஒட்டுவது பையில் உராய்ந்து விழுந்துவிடும். லேப்டாப்பின் உடம்புக்குள்ளேயே செருகி வைக்கும் பேனா ஒல்லியாக இருக்கும், நீளமாக எழுதினால் விரல் வலிக்கும். ஆனால் தொலையாது, உள்ளே வைத்தாலே சார்ஜ் ஏறும். தினமும் பஸ் ஏறுபவருக்கு இதுவே நல்லது. சில பேனாக்களில் ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரியைவிட ஒல்லியான, நான்கு ஏ போட்ட பேட்டரி வரும். அது தெருமுனைக் கடையில் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட பேனா என்றால் ஆன்லைனில் இரண்டு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கீல்

மடக்கு லேப்டாப் சர்வீஸுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். டச் கண்ணாடி சேர்ந்த திரை கனம் அதிகம். அதைத் தாங்க கீல் இறுக்கமாக இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டில் ஏறியிருக்கும். தினமும் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்க நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும், பிறகு திரையின் ஓரம் விரியும். அடிப்பகுதி உலோகமாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

சோதிக்க: திரையை 100 டிகிரியில் நிறுத்தி மேல் விளிம்பை விரலால் தட்டுங்கள். இரண்டு ஆட்டத்தில் நின்றுவிட வேண்டும். கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்தி, திரையில் எழுதிப் பாருங்கள், சரியக் கூடாது. முழுதாக மடக்கியதும் கீபோர்டு தானே அணைகிறதா என்று சில பொத்தான்களை அழுத்திப் பாருங்கள்.

படி 5: உள்ளே இருப்பவை

ரேம் 16 ஜிபி. இதில் சமரசம் வேண்டாம், ஏனென்றால் இந்த வகையில் பெரும்பாலும் ரேம் மதர்போர்டில் பற்றவைத்து வரும். ‘அப்புறம் ஏத்திக்கலாம்’ என்று கடையில் சொன்னால் அங்கேயே சரிபார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது, ஏற்ற முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். அதைப் பெரும்பாலான 360 வகைகளில் பிறகு மாற்றலாம்.

ப்ராசஸர் பெயரின் கடைசியில் யூ என்ற எழுத்து வரும் இன்டெல் ஐ5 (1335யூ போன்றவை), கோர் அல்ட்ரா 5, அல்லது அதற்கு நிகரான ரைஸன் 5 போதுமானது. செலரான், என்100 போட்டு மலிவாக வருபவற்றில் நோட்ஸ் எழுதலாம், இருபது டேப் திறந்தால் திணறும். ஸ்னாப்டிராகன் எக்ஸ் பேட்டரியில் அருமை. ஆனால் அது ஆர்ம் வகை. சாதாரண விண்டோஸுக்கு எழுதிய டிரைவர்கள் அதில் ஏறாது. லேப் போர்டு, பழைய பிரின்டர், ஆன்லைன் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள் இவற்றில் சிக்கல் வரலாம் என்பதால் உங்கள் துறையில் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று சீனியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் விண்டோஸ் 11 ஏறும் மாடலா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது.

படி 6: திரையும் பேட்டரியும்

16:10 அளவுத் திரை, 1920 க்கு 1200 புள்ளிகள். வெளிச்சம் 300 நிட்ஸ் என்றால் வகுப்பறைக்குப் போதும், ஜன்னலோர பஸ் சீட்டுக்குப் போதாது. டச் கண்ணாடி பளபளவென்று முகத்தைக் காட்டும். 400 கிடைத்தால் நல்லது.

பேட்டரிக்கு விளம்பரத்தில் போடும் மணி நேரத்தை விட்டுவிட்டு, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். நோட்ஸ் எழுதி, பிரவுசர் திறந்து வைத்திருந்தால் 7 முதல் 8 வாட் இழுக்கும். 50 வாட்-அவர் என்றால் ஆறேழு மணி நேரம். புதிதாக இருக்கும்போது இந்தக் கணக்கு. இரண்டு வருடம் கழித்து குறையும்.

சார்ஜர் டைப்-சி 65 வாட்டாக இருக்கட்டும். பவர் பேங்க் வாங்கினால் அதன் வெளியீடும் குறைந்தது 45 வாட் வேண்டும்; போனுக்கான 18 வாட் பவர் பேங்க் பெரும்பாலும் லேப்டாப்பில் ஏறவே ஏறாது. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர், அதாவது விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் 100 வாட்-அவர் வரம்புக்குள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ரயில் பெட்டி சாக்கெட்டில் 110 வோல்ட்தான் வந்தாலும் பயமில்லை, சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஏறும்.

படி 7: எங்கே வாங்குவது?

ஊரிலேயே பெரிய ஷோரூம்கள் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர் பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கும் போவதுண்டு, விலை குறையலாம். எங்கே வாங்கினாலும் பெட்டி, பில், லேப்டாப்பின் அடிப்பகுதி மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, இந்திய வாரன்டி இருக்கிறதா, அது ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

‘ஆன்-சைட் சர்வீஸ்’, அதாவது வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது, உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதையும் அதே இணையதளத்தில் சரிபாருங்கள். தருமபுரியின் 636701-க்கு இல்லையென்றால் ஒவ்வொரு பழுதுக்கும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும். கண்ணாடி உடைந்தால் வாரன்டி பொருந்தாது. டச் கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒன்றாக ஒட்டி வருவதால் முழுதாக மாற்ற வேண்டும், செலவு பெரிது. தவறி விழுந்ததற்கும் பொருந்தும் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் இந்த வகைக்குப் பணம் போடத் தகுந்தது.

படி 8: முதல் நாள் செய்ய வேண்டியவை

கடையில் ‘ஆன் பண்ணித் தருகிறோம்’ என்று அவர்கள் மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு திறக்க விடாதீர்கள். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்கைத் தானே பூட்டிவிடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு மாற்றினால் சாவி கேட்கும். அப்போது கடைப் பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். உங்கள் சொந்த மெயிலில் தொடங்கி, சாவியை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

அடுத்து, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றுங்கள். சாதாரண ஸ்லீப்பில் இந்த லேப்டாப்கள் தூங்குவது போல் நடிக்கும். பைக்குள் விழித்துக்கொண்டு அப்டேட் இறக்கும். கிருஷ்ணகிரியில் ஏறி பெங்களூரில் இறங்கும்போது பை சுடும், பேட்டரி பாதியாகியிருக்கும். ஹைபர்னேட்டிலிருந்து எழ சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவே.

நிறுவனத்தின் ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதம் என்று வையுங்கள். நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. சித்திரை வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் விட்டுப் போகாதீர்கள், பேட்டரி உப்பினால் முதலில் டச் பேடு மேலெழும்; அதைக் கண்டதும் சார்ஜரைக் கழற்றிவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், அழுத்திப் பார்க்க வேண்டாம்.

தமிழில் தட்ட, செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.