குடும்ப ரகசியத்தை வைத்து த்ரில்லர் எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

குடும்ப ரகசியத்தைச் சுற்றி நடக்கும் உளவியல் த்ரில்லர்களை ஏன் விடிய விடியப் படிக்கிறோம் என்று கேட்டால், பலரும் திருப்பங்களைச் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது. பெரியவர்கள் சட்டென்று பேச்சை மாற்றும் ஒரு பெயர் அநேகமாக எல்லார் வீட்டிலும் உண்டு. "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று நம்மை வாயடைக்க வைத்த ஒரு கேள்வியும் இருக்கும். அந்தக் கேள்வியைக் கடைசிவரை விடாமல் கேட்கும் ஒருவரைக் கதையில் பார்க்கும்போது நம்மால் புத்தகத்தை மூட முடிவதில்லை.

சேலத்தையும் சேர்வராயன் மலையையும் களமாக வைத்து இப்படி ஒரு கதை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வகைக் கதைகள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவை வழக்கமாக எங்கே கெட்டுப்போகின்றன என்று பார்ப்போம்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, அதிர்ச்சி தரும் ஒரு உண்மையைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதுவரை குடும்பத்தைச் சும்மா உட்கார வைப்பது. ரகசியத்தைக் காப்பது அன்றாட வேலை. அதற்குப் பணம் செலவாகும், பொய் செலவாகும், சாப்பாட்டு நேரத்தில்கூட எச்சரிக்கை தேவைப்படும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். மூத்தவர் மாதாமாதம் கூலிக் கணக்கில் ஒரு பெயரைக் கூடுதலாக எழுதுகிறார். பட்டறையில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. ஆடி அமாவாசைக்கு அவருடைய அம்மா, வீட்டாருக்கு ஆயா, செத்தவர்களுக்குப் படைக்கும்போது ஒரு இலை அதிகம் விழுகிறது. புது மருமகள் கேட்டால், "பேரு தெரியாத பெரியவங்களுக்கும்மா" என்று பதில் வருகிறது. இரண்டையும் முதல் சில பக்கங்களிலேயே வைத்துவிடலாம். இரண்டுக்கும் நம்பத் தகுந்த காரணம் இருப்பதால் வாசகர் கடந்துபோய்விடுவார். பின்னால் தெரிகிறது: மூத்தவர் யாருக்குக் கூலி எழுதுகிறாரோ அதே ஆளுக்குத்தான் ஆயா இலை போடுகிறாள். இளைய மகன் செத்துவிட்டான் என்று தாய் நம்புகிறாள். உயிரோடு இருப்பது அண்ணனுக்குத் தெரியும்.

இதிலேயே அடுத்த தவறுக்கும் பதில் இருக்கிறது. பல கதைகளில் குடும்பத்தார் எல்லாருக்கும் ஒரே உண்மை தெரியும், வாசகருக்கு மட்டும் தெரியாது. அப்படி எழுதினால், கதை சொல்பவர் வேண்டுமென்றே மறைத்தார் என்ற கோபம்தான் மிஞ்சும். உண்மையில் எந்த வீட்டிலும் ரகசியம் முழுதாக ஒருவரிடம் இருப்பதில்லை. அத்தைக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா தனக்கு மட்டும் தெரியும் என்று நினைப்பது அம்மாவுக்கு எப்போதோ தெரியும். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் யாருக்கு எது, எந்த வருஷத்திலிருந்து தெரியும், எது தவறாகத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். திருப்பங்கள் அந்தத் தாளிலிருந்தே கிளம்பும்.

சொத்து விஷயத்தில் அலட்சியம் காட்டுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நம் ஊர்க் குடும்ப ரகசியங்களில் பலவற்றுக்கும் வீடும் நிலமும்தானே அடிப்படை! இருந்தும் கதைகளில் வருவது பீரோவுக்குள் கிடக்கும் உயில் மட்டும்தான். பதிவான கிரயங்களை இன்று வில்லங்கச் சான்றில் இணையத்திலேயே பார்த்துவிடலாம். அப்படியிருக்க, பூர்வீக வீட்டை விற்றது இருபது வருஷமாக யாருக்கும் தெரியாது என்று எழுதினால், ஏன் யாரும் தேடவில்லை என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

சட்டத்தைப் படித்தால் கதையே கிடைக்கும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியான திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. இப்போது அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம். 1995-இல் அண்ணன்கள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். தங்கைக்கு 1989 தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது, பங்கு கிடையாது என்பது பேச்சு. பல வருஷம் கழித்து அவள் மகள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுக்கிறாள். அதில் வைகாசி என்று இருக்கிறது.

இது நல்ல திருப்பம். ஆனால் இங்கேயே நிறுத்தினால் வழக்குக் கதை ஆகிவிடும். தன் கல்யாணம் எந்த மாதம் நடந்தது என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற பயமா? அல்லது அண்ணன் எப்போதோ செய்த ஒரு உதவிக்கு இந்த மௌனம்தான் கைம்மாறா? உளவியல் த்ரில்லர் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நினைவு விஷயத்திலும் இதே அவசரம். கதைகளில் தலையில் அடிபட்டதும் சிறுவயதுச் சம்பவம் முழுதாகத் திரும்பி வந்துவிடுகிறது. மனித நினைவு அப்படி வேலை செய்வதில்லை. உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர் கலந்துகொண்டார்கள். உறவினர் சொன்னவை என்று ஒவ்வொருவருக்கும் நான்கு சிறுவயது நிகழ்ச்சிகள் தரப்பட்டன. மூன்று உண்மை, கடைவளாகத்தில் தொலைந்துபோனது என்ற ஒன்று மட்டும் இட்டுக்கட்டியது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்த நடக்காத நிகழ்ச்சியையும் முழுதாகவோ அரைகுறையாகவோ 'நினைவுகூர்ந்தார்கள்'. குடும்பத்தின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு பலம் பாருங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் தொலைந்துபோனதாகச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண், அந்தக் கூட்டத்தையும் தன் அழுகையையும் கண்ணால் கண்டதுபோல் விவரிப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கதை அவளுக்கு ஏன் ஊட்டப்பட்டது என்று வாசகரைத் தேடவிடுங்கள்.

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு என்றாலே மூடுபனி, பாழடைந்த பங்களா, தனிமை என்று எழுதுவது வெளியூர்க்காரர் பார்வை. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சனி ஞாயிறில் நடக்க இடம் இருக்காது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலை வேலை செய்யும் மலை: காபித் தோட்டம், சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக்கொடி, பழம் பறிக்கும் நாட்களில் ஆள் பற்றாக்குறை. எஸ்டேட்டிலிருந்து மொத்தமாகச் சாமான் வாங்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். தூரம் 30 கிலோமீட்டர் அளவுதான். கொலுசுப் பட்டறையின் 'செத்துப்போன' தம்பி மேலே இருந்தால், செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு வரும் மிளகு வியாபாரி ஒருவராவது அவனைப் பார்த்திருப்பார். அந்த வியாபாரி ஏன் சொல்லவில்லை? இடத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டாலே இப்படி ஒரு புதிய பாத்திரம் தானாக வந்து சேரும்.

மனநோயாளிதான் கொலையாளி என்று முடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மனநோயோடு வாழ்பவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். நோயைக் காரணமாகச் சொல்வது, மற்ற எல்லாரையும் பொறுப்பிலிருந்து தப்பிக்க வைப்பதும் கூட.

கடைசியாக, எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒருவர் பத்துப் பக்கம் ஒப்புக்கொள்ளும் அத்தியாயம். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் திடீரென்று கோவையாகப் பேசமாட்டார்கள். ஆயாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்தால், மூத்தவர், "அம்மா, இந்த அமாவாசைக்கு அந்த ஒரு இலை வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மீதியை ஆயா கேட்கட்டும், அல்லது கேட்காமல் போகட்டும். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததா என்பதை நீங்கள் அந்தத் தாளில் முடிவு செய்து வைத்திருந்தால் போதும்.