களைத்தடுப்பு மருந்து போட்ட லானில் புல்விதை எப்போது தூவலாம்?

நியூ ஜெர்சி பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்கள் பலர் முதல் வசந்தத்திலேயே செய்யும் தவறு இது. ஏப்ரலில் ஃபார்சித்தியா புதர் மஞ்சளாகப் பூக்கும்போது, கிராப்கிராஸ் என்ற களைப்புல் வராமல் இருக்க ஒரு பை குருணை மருந்து வாங்கி லான் முழுக்கத் தூவுவோம். மே மாதம் சொட்டையாகக் கிடக்கும் இடங்களில் புல்விதை போட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். பத்தாம் நாள் மெல்லிசாகப் பச்சை தெரிந்தது, மூன்றாம் வாரம் பாதிக்கு மேல் காணோம். மிச்சமிருந்ததில் ஒரு நாற்றை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நூல் போல நீள வேண்டிய வேர் அரை சென்டிமீட்டரில் நின்று, நுனி தீக்குச்சி மருந்து மாதிரி தடித்திருந்தது.

விதையில் குறை இல்லை. கடைப் பைகளில் அதிகம் இருக்கும் பெண்டிமெத்தலின், புரோடியமின், டைத்தியோபைர் மூன்றுமே விதையை முளைக்க விடும், ஆனால் முளைத்த வேரின் நுனியில் செல்கள் பிரிய விடாது. களை விதை, நாம் காசு கொடுத்து வாங்கிய விதை என்ற வித்தியாசம் எல்லாம் அதற்குத் தெரியாது. ஊரில் நிலக்கடலை விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் தெளிக்கிறார்களே, கடலை மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். கடலைப் பருப்பு பெரிது, ஆழத்தில் இருக்கிறது, அதன் வேர் மருந்துப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. புல்விதையோ மண்ணின் மேற்பரப்பில், மருந்துக்கு நடுவிலேயே கிடக்கிறது.

சரி, விதை வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் உரம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், வசந்தகால உரங்கள் பலவற்றில் களைத்தடுப்பு மருந்தும் கலந்திருக்கும். மருந்தின் பெயரையும் தூவிய தேதியையும் எழுதி வையுங்கள்.

அடுத்து, காத்திருக்க வேண்டிய காலம். டைத்தியோபைருக்குச் சுமார் 3 மாதம், பெண்டிமெத்தலினுக்கு 3 முதல் 4 மாதம், புரோடியமினுக்குப் போட்ட அளவைப் பொறுத்து 4 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. உங்கள் பையின் லேபிள் சொல்வதுதான் இறுதி. மருந்தைச் சிதைப்பதில் பெரும்பங்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு, அதனால் குளிரிலும் வறட்சியிலும் அது மெதுவாகத்தான் போகும்.

நாள் கணக்கை மட்டும் நம்பாமல், மண்ணையே கேட்டுவிடலாம், இதை யாரும் தவிர்க்காதீர்கள். மருந்து போட்ட இடத்தில் நாலைந்து பக்கம் மேல்மண்ணை மட்டும் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி ஒரு கப்பில் நிரப்புங்கள், மருந்தே படாத பூச்செடிப் பாத்தி மண்ணை இன்னொரு கப்பில். இரண்டிலும் 25 ரைகிராஸ் புல்விதையை மேலாகத் தூவி ஜன்னலோரம் வைத்து, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் இரண்டுமே முளைக்கக்கூடும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மூன்று வாரம் விட்டு, நாற்றுகளை மண்ணோடு எடுத்து நீரில் அலசி வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கப்பின் வேர் குட்டையாக, நுனி தடித்து இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

பொறுக்க முடியாது, வசந்தத்திலேயே விதைத்தாக வேண்டும் என்றால், வழக்கமான மருந்தை விட்டுவிட்டு விதைக்கும்போதே போடக்கூடிய மீசோட்ரையோன் வாங்குங்கள். கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் விதைக்கு இது ஒத்துப்போகும், பெர்முடா புல்லுக்கு ஆகாது. மீசோட்ரையோன் அடித்தபின் சில புல் சில வாரம் வெளுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம். விதைக்குப் பதில் புல்பாய் விரித்தாலும் கதை அதேதான், அடியில் மருந்து இருந்தால் புது வேர் கீழே இறங்கத் திணறும்.

என்னைக் கேட்டால், வசந்தத்தில் களையைத் தடுத்துவிட்டு, விதைப்பை ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை தள்ளிப் போடுவதே நல்லது. அதற்குள் டைத்தியோபைர் கரைந்திருக்கும், கிராப்கிராஸும் ஓயும் நேரம். அந்த இலையுதிர் காலத்தில் எந்தக் களைத்தடுப்பு மருந்தும் போடாதீர்கள். புது நாற்று இரண்டு மூன்று தடவையாவது வெட்டுப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் ஆகட்டும். அதுவரை வருகிற களையை, மண் ஈரமாக இருக்கும்போது, பக்கத்து நாற்றின் மேல் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டு மறு கையால் பிடுங்குங்கள்.