பெங்காலான் கெம்பாஸ் கற்களைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

சென்ற மாதம் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு பெங்காலான் கெம்பாஸ் போயிருந்தேன். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கி பக்கம் உள்ள ஊர். விடியுமுன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேன் ஏறினோம். கற்கள் இருக்கும் வளாகத்தில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே செய்த அதே தவறை ஓர் இளைஞர் செய்யத் தொடங்கினார். அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீர் கொண்டு போங்கள், கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வட்டத்தைத் தேடாதீர்கள்

பெருங்கற்கள் என்றதும் நம்மவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கல்வட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. சித்தன்னவாசலிலும் கொடுமணலிலும் இருப்பவை இரும்புக்கால ஈமச்சின்னங்கள். கற்களை வட்டமாகப் புதைத்து, நடுவே கல்லறையோ தாழியோ வைத்தார்கள். அந்த நினைப்போடு இங்கே வந்தால் ஏமாற்றந்தான். இங்கே கற்கள் நட்டு நிற்கின்றன. ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா வட்டாரங்களிலும் இப்படிப்பட்ட கற்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். மலாய்க்காரர்கள் இவற்றை ‘பத்து ஹிடுப்’, அதாவது உயிருள்ள கல் என்கிறார்கள். கல் வளர்கிறது என்பது கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, நம்பிக்கை. பெங்காலான் கெம்பாஸில் உள்ள மூன்று பெரிய கற்களுக்கு அவற்றின் வடிவத்தை வைத்தே வாள், சுக்கான், கரண்டி என்று மலாயில் பெயர். வாள் கல்லில் ‘அல்லாஹ்’ என்ற சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லை லிங்கம் என்றோ நடுகல் என்றோ முடிவு கட்டிவிட்டு வருகிறவர்கள் அந்தச் சொல்லைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

உச்சி வெயில்

ஒன்பது மணிக்கு முன் போங்கள், அல்லது ஐந்து மணிக்குப் பின்.

சுண்ணக்கட்டி

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வளாகத்தில் ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் அடக்கத்தலமும், அதற்கருகே ஒரு கல்வெட்டுத் தூணும் இருக்கின்றன. 1467ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் ஜாவி எழுத்தும் உண்டு, காவி எழுத்தும் உண்டு. ஜாவி என்பது மலாய் எழுதப் பயன்படும் அரபு எழுத்து. காவி என்பது பழைய ஜாவா தேசத்து எழுத்து. பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அதனால் தமிழ்க் கண்ணுக்கு அங்கங்கே பழகிய வளைவுகள் தட்டுப்படும். அன்று வந்த இளைஞரும், “அண்ணா, இதில் ‘க’ தெரிகிறது பாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் ஒரு கோடு விழுந்துவிட்டது.

கல்லில் உள்ள எழுத்துத் தேய்ந்து மங்கியிருக்கிறது. நீங்கள் இழுக்கும் கோடோ பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. அடுத்து வருகிறவர் பார்ப்பது உங்கள் கோட்டைத்தான். ‘க’ என்று நினைத்து இழுத்தால் அது ‘க’ ஆகிவிடும். அதைப் படம் பிடித்து, ‘மலேசியாவில் தமிழ்க் கல்வெட்டு’ என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. கடல் கடந்த தமிழ்க் கல்வெட்டுக்கு நமக்கென்ன பஞ்சமா? சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் வெட்டிவைத்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பல்லவ எழுத்து ஜாவா வரை போய் வேறோர் உருவம் எடுத்து, லிங்கிக் கரையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் அடக்கத்தலத்தில் வந்து நிற்பதே பெரிய செய்தி. பொய்க் ‘க’ அந்தச் செய்தியை அழித்துவிடுகிறது.

கல்லுக்கும் கேடு. தூள் நுண்துளைகளில் இறங்கித் தங்கிவிடும். ஈரத்தில் அதிலுள்ள உப்புகள் கரைந்து, காயும்போது மீண்டும் படிகமாகி, மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். எழுத்து தெரிவதற்காக மைதா மாவு பூசினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தடவினால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வாள் கல்லில் அந்தப் புனிதச் சொல்லின் மேலேயே சுண்ணக்கட்டியால் வரைந்தேன். கம்பத்துப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, “எழுதியவர் எழுதி முடித்துவிட்டார். நீ ஏன் மேலே எழுதுகிறாய்?” என்று கேட்டார். வெட்கத்தில் கடைக்கு ஓடி ஒரு தேய்ப்பான் வாங்கி வந்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. கழுவிய இடத்தைத் துடைத்தபோது உள்ளங்கையில் சர்க்கரை போலக் கல்துகள்கள் ஒட்டியிருந்தன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கல்லிலிருந்து நான் உரித்தெடுத்தவை அவை. இன்றும் அந்த நரநரப்பு கையில் இருப்பது போலவே இருக்கிறது.

யாராவது வரைந்து வைத்திருந்தால் நீங்கள் துடைக்க முயலாதீர்கள். வளாகத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்.

எழுத்து தெரிய வேண்டுமென்றால் ஒரு டார்ச் விளக்கு போதும். ஒருவர் குடையைப் பிடித்துக் கல்லின் மேல் நிழல் விழச் செய்யட்டும். இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தோடு ஒட்டினாற்போல் பிடிக்கட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கி எழுத்து எழும்பி நிற்கும். கேமராவை அசைக்காமல், டார்ச்சை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். அன்று அப்படித்தான் செய்தோம். வெளிச்சம் இடப்பக்கம் போனதும் அந்தக் ‘க’வின் ஒரு கை காணாமல் போயிற்று, அது கல்லில் இருந்த வெறும் கீறல். இளைஞர் சுண்ணக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

துளைக்குள் கை

கல்வெட்டுத் தூணில் ஒரு வட்டத் துளை உண்டு. பொய் சொன்னவன் கையை விட்டால் துளை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். சத்தியம் செய்யும் கல். வருகிறவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே கையை நுழைத்துப் படம் எடுக்கிறார்கள். மோதிரமும் கைக்கடிகாரமும் உள்விளிம்பை உரசிக்கொண்டே இருக்கின்றன. துளையைக் கண்ணால் பாருங்கள், போதும்.

கற்பூரம், குங்குமம்

வேண்டாம். அது ஓர் அடக்கத்தலம்.