வரலாறு எழுதுன துணைவேந்தரை எப்படிப் படிக்கறது

ஒரு துணைவேந்தர் வரலாற்று அறிஞராவும் இருந்தா, நம்ம ஆளுங்க நிர்வாகத்தை ஒரு பக்கம், புத்தகத்தை ஒரு பக்கம்னு பிரிச்சுப் படிச்சுட்டு விட்டுர்றாங்க, பாதி விஷயம் அதுலயே போயிடுது. 1937லேர்ந்து 1942 வரைக்கும் டாக்கா பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரா இருந்த ஆர்.சி. மஜும்தாரை வச்சு சொல்றேன்.

முதல்ல புத்தகத்தைத் தொடாதீங்க. அந்தப் பல்கலைக்கழகம் ஏன் வந்துச்சுன்னு பாருங்க. 1905ல வங்காளத்தைப் பிரிச்சாங்க, 1911ல ரத்து பண்ணாங்க, கிழக்கு வங்காள முஸ்லிம்களுக்கு அது பெரிய ஏமாற்றம், அதுக்கு ஈடா 1912ல வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஒரு பல்கலைக்கழகம் தர்றேன்னார், 1921 ஜூலைல திறந்தாங்க. மஜும்தார் அதே வருஷம் வரலாற்றுப் பேராசிரியரா அங்க வந்துட்டார். அப்போ மாணவங்க ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒரு ஹாலை, அதாவது விடுதியைச் சேர்ந்தவங்களா இருக்கணும், முஸ்லிம் மாணவங்களுக்கு முஸ்லிம் ஹால், இந்து மாணவங்களுக்கு ஜகந்நாத் ஹால், அப்புறம் டாக்கா ஹால்னு, இதுல ஜகந்நாத் ஹாலுக்கு இவர் புரோவோஸ்ட்டா, அதாவது தலைவரா இருந்திருக்கார். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அடுத்து ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போட்டு இடது பக்கம் பதவி, வலது பக்கம் புத்தகம்னு வருஷத்தோட எழுதுங்க. 1927ல இப்போதைய வியட்நாம்ல இருந்த பழைய சம்பா ராஜ்ஜியத்தைப் பத்தி எழுதுனவர், சொந்த வங்காளத்தோட வரலாற்றை, முதல் பாகத்தோட தொகுப்பாசிரியரா, 1943ல கொண்டு வர்றார், பதவி முடிஞ்ச மறுவருஷம்!

அப்புறம் டாக்கா பல்கலைக்கழகமே வெளியிட்ட அந்த வங்காள வரலாற்றோட உள்ளடக்கப் பக்கம். யார் எந்த அத்தியாயம் எழுதுனாங்கன்னு கண்டிப்பா பாருங்க, சமஸ்கிருத இலக்கியம் பத்தின அத்தியாயத்தை எழுதுன எஸ்.கே. டே டாக்காவிலயே வாத்தியார், ஒரு பல்கலைக்கழகம் தன் ஆளுங்களை வச்சு தன் மண்ணோட வரலாற்றை எழுதுறது எவ்ளோ பெரிய வேலை! ஆனா காலத்தைப் பிரிச்ச விதம் எனக்கு உறுத்துது, முதல் பாகம் இந்து காலம், ரெண்டாவது முஸ்லிம் காலம், 1200லேர்ந்து 1757 வரைக்கும். சாமானிய ஜனங்க உழுததும் நெய்ததும் ராஜாவோட மதத்தை வச்சா மாறும்? மேல சொன்ன ஹால் பிரிவை இங்க பக்கத்துல வச்சுப் படிங்க.

ரெண்டாவது பாகத்தை ஜதுநாத் சர்க்கார் தொகுத்தார், அவரும் கல்கத்தா பல்கலைக்கழகத்தோட முன்னாள் துணைவேந்தர்தான். அது வந்தது 1948ல, வெளியிட்டது அதே டாக்கா பல்கலைக்கழகம், ஆனா அப்போ டாக்கா பாகிஸ்தான்ல இருந்துச்சு. ரெண்டு பாகத்தோட முன்னுரையையும் ஒரே நாள்ல, வருஷத்தைப் பார்த்துப் பார்த்துப் படிங்க.