அசோக விதையைக் காய வைக்காதீர்கள்

நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று வாங்கி வருவது, கன்றுக்குத் தண்ணீர் விட மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. மதுரைப் பக்கம் அசலான அசோகு வளர்க்க ஆசைப்பட்டு, அதற்கப்புறம் கோட்டை விடுகிறவர்களுக்குத்தான் இது.

விதையைக் காய வைப்பது

ஒவ்வொரு வருஷமும் யாராவது செய்கிறார்கள். எனக்கும் எரிச்சல் தீர்ந்தபாடில்லை. மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொளகில் பரப்பி, மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காய வைத்து, சாம்பல் புரட்டிக் கட்டி வைத்திருந்தார். "ஐப்பசி மழை விழட்டும்ணே, ஊன்றிடலாம்" என்றார். கையில் எடுத்தேன், சுருங்கிக் கிடந்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை.

புளி, வாகைக்கு இந்தப் பக்குவம் சரி. அசோக விதை மாங்கொட்டை, பலாக்கொட்டை ஜாதி. ஈரம் போனால் உயிரும் போச்சு. மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில், ஓடைக்கரை நிழலில் வளர்கிற மரம் இது. காய் முற்றி விதை விழும்போது அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும். நனைந்த சருகிலேயே முளைத்துவிடும். காத்திருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. நமக்கோ அப்போது ஆடிக்காற்று, பெருமழைக்கு ஐப்பசி வரவேண்டும். இந்த இடைவெளியில்தான் அத்தனையும் சாகிறது.

விதை கிடைத்ததும் ஈரத் தேங்காய்நார்க் கழிவில் புதைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஊன்றிவிடுங்கள். மழைக்குப் பதில் பூவாளி இருக்கிறது. பிரிட்ஜ் வேண்டாம்.

ஒரு பிடி விதைதானே என்கிறார்கள். 1998லேயே அழியும் வாய்ப்புள்ள இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலில் சேர்ந்த மரம். காடு தோட்டமாகிறது, மிச்சமிருப்பதை அசோகாரிஷ்டம் என்கிற ஆயுர்வேத மருந்துக்குப் பட்டை உரிக்கிறார்கள். சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுவிடும். அப்படித் தப்பிய மரத்தின் விதையை மாடியில் வறுத்தால் கோபம் வராதா?

மொட்டைவெயிலில் நடுவது

சின்னக் கன்றுக்கு நிழல்வலை போடுங்கள். வாழைக்கோ தென்னைக்கோ நடுவில் வைத்தால் இன்னும் நல்லது.

துளிர் தொங்குகிறதென்று பயந்து உரம் கொட்டுவது

துளிர் செம்பு நிறத்தில் துவண்டுதான் வரும். நோயில்லை.

காட்டுக்குள் போய்க் கன்று பிடுங்குவது

கூடாது.

பூ வருமுன் கிளையை வெட்டுவது

செம்மஞ்சள் பூங்கொத்து முற்றிய கிளையிலும் அடிமரத்திலுமே வெடிக்கும். மாசி பிறந்ததும் 'ஷேப்' பண்ணுகிறேன் என்று கத்தரியோடு கிளம்பினால் அந்த வருஷப் பூ போச்சு. பூ போனால் விதையும் இல்லை.