கிரீம் சீஸ்: எங்கே தவறு நடக்கிறது?

கிரீம் சீஸ் சேர்த்த சாஸ் திரிந்துபோவது, தொட்டுக்கொள்ளும் டிப்பில் வெள்ளைக் கட்டிகள் நிற்பது, கேக் மேல் பூசியது வழிவது என எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: தவறான சூடு, அளவுக்கு மீறிய ஈரம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குளிரில் அதன் கொழுப்பு இறுகிக் கிடக்கும். அந்த நிலையில் பாலையோ முட்டையையோ ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு அடித்தாலும் கட்டிகள் முழுதாகக் கரையாது. 200 கிராம் சீஸைச் சிறு துண்டுகளாக நறுக்கி 30 முதல் 45 நிமிடம் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் எளிதாகப் பள்ளம் விழ வேண்டும். அவசரமென்றால் உறையைப் பிரித்து, மைக்ரோவேவில் 10 விநாடி, மறுபடி 10 விநாடி என்று சூடாக்கலாம். ஒரேயடியாக ஒரு நிமிடம் வைத்தால் ஓரம் உருகிவிடும், நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். இளகியதும் முதலில் சீஸை மட்டும் மசித்துவிட்டு, மற்றதைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள்.

சாஸிலும் சூப்பிலும் சிக்கல் வேறு மாதிரி. கிரீம் சீஸ் புளிப்பால் உறைந்த பால் பொருள். கொதிக்கும் திரவத்தில் போட்டால் அதன் புரதம் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். நாக்கில் நறநறவென்று படும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். இருவருக்கான பாஸ்தாவுக்கு 100 கிராம் சீஸ் போதும். அதைத் தனிக் கிண்ணத்தில் பாஸ்தா வெந்த சுடுநீர் 4 மேசைக்கரண்டி விட்டுக் குழைத்து, அப்புறம் பாத்திரத்தில் ஊற்றுங்கள். அந்த நீரிலுள்ள மாவுச்சத்து சாஸைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு கடைசியில்தான். கொழுப்பு குறைத்த வகை இன்னும் சீக்கிரம் திரியும் என்பதால் சூடான சமையலுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. திரிந்தே போனாலும் கொட்டிவிடாதீர்கள். சுடுநீர் ஒரு கரண்டி விட்டு மிக்ஸியில் அடித்தால் பல நேரம் சேர்ந்துவிடும். சூடாக இருப்பதால் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

கேக் மேல் பூசும் ஃபிராஸ்டிங்குக்கு டப்பாவில் வரும், ரொட்டியில் தடவும் வகையை வாங்குவது அடுத்த தவறு. அது இளக்கமானது, நிற்காது. கட்டியாக வரும் முழுக் கொழுப்பு வகைதான் வேண்டும். வரிசையும் முக்கியம்: 115 கிராம் வெண்ணெயையும் 250 கிராம் ஐசிங் சர்க்கரையையும் முதலில் நன்றாக அடித்து, கடைசியில் 225 கிராம் சீஸைச் சேர்த்து, கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை சீஸின் ஈரத்தை இழுத்துக் கரையும். அடிக்க அடிக்க இளகிக்கொண்டே போகும். இளகியதைக் கெட்டியாக்க மேலும் சர்க்கரை கொட்டினால் தித்திப்புதான் கூடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், இறுகும்.

சீஸ்கேக்கில் முட்டை சேர்த்த பிறகு வேகமாக அடிக்காதீர்கள். உள்ளே புகும் காற்று வேகும்போது உப்பி, ஆறும்போது மேற்புறம் வெடிக்கும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே, அதாவது உள்சூடு 65 டிகிரி செல்சியஸ் அளவில், ஓவனை அணைத்துவிடுங்கள்.

சாண்ட்விச்சில் தக்காளி, வெள்ளரியை நேராக ரொட்டி மேல் அடுக்கினால் ரொட்டி நைந்துவிடும். இரண்டு துண்டுகளின் உட்புறத்திலும் ஓரம் வரை சீஸைத் தடவி, துணியால் ஒற்றிய காய்களை நடுவில் வையுங்கள். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் தூவினால் போதும். சீஸிலேயே உப்பு இருப்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மீந்ததை உறையவைத்தால் உருகும்போது தண்ணீர் பிரிந்து உதிரியாகிவிடும். அதைத் தடவ முடியாது, சூப்பிலோ கேக் மாவிலோ சேர்க்கலாம். அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைச் சாப்பிடாதீர்கள். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. மென்மையான சீஸில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கலாம். முழுவதையும் எறிந்துவிடுங்கள்.